அரை நாள் ஐரோப்பா

நம் மருமான் ஒருவன் ஆஸ்திரிய தேசத்தின் தலைநகரான வியன்னாவில் படித்துக் கொண்டிருக்கிறான். வாரத்துக்கு ஒரு முறை அவனிடமிருந்து கைபேசியில் கடிதம் வரும். கடிதம் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். பெரும்பாலும் அன்று அவன் என்ன சமைத்தான், அதில் எது கருகிப் போயிற்று என்ற விவரம்தான் இருக்கும். தை மாதத்தில் வந்த ஒரு கடிதம் மட்டும் வேறு தினுசாயிருந்தது.

"சனிக்கிழமை காலையில் ஒரு வேலையும் இல்லை. சும்மா ஸ்டேஷன் பக்கம் போனேன். பிராட்டிஸ்லாவா வண்டி நின்று கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஸ்லோவாக்கியா தேசத்தின் தலைநகரில் இறங்கினேன். கோட்டையைப் பார்த்தேன். பூண்டு ரசம் மாதிரி ஒன்று கொடுத்தார்கள், குடித்தேன். இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிட்டேன்" என்று எழுதியிருந்தான்.

தம்மம்பட்டியில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை மாமாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினோம். மாமா என்பது நம் அன்னையின் மூத்த சகோதரர். எண்பது வயதைக் கடந்தவர். ஆரம்பப் பாடசாலையில் உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர். பூகோள சாஸ்திரத்தில் அவரை ஏமாற்ற முடியாது. எதிர் வீதியில் மரச் சிற்பிகளின் உளிச் சத்தம் கேட்டுக் கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கிடையே மாமா கண்ணை மூடிக்கொண்டு, "டான்யூப் நதி, இரண்டு ஊரும் அதன் கரையில்தான்" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "அது சரி, வேறு ராஜ்யத்துக்குப் போகிறவனை நடுவழியில் ஒருவரும் நிறுத்தவில்லையா? பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்றோம். வியன்னாவுக்கும் பிராட்டிஸ்லாவாவுக்கும் சுமார் 60 கிலோ மீட்டர் தூரந்தான். 1914-ஆம் வருஷத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே மின்சார ரயில் விட்டார்களாம். அப்பொழுது இரண்டும் ஒரே சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்தன. பிறகு இரண்டு மகா யுத்தங்கள் வந்தன. இரண்டாவது யுத்தத்துக்குப் பிறகு நடுவிலே முள்வேலியும் வந்தது. 1989-இல் வேலி போயிற்று. 2007 டிசம்பர் மாதத்தில் எல்லைச் சோதனையும் போயிற்று. இப்பொழுது காப்பி சாப்பிடக்கூட அங்கிருந்து இங்கே வருகிறார்கள் என்று, நமக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னோம்.

"நமக்கும் பக்கத்தில் ஓர் ஐரோப்பியத் தலைநகரம் இருந்ததே, மாப்பிள்ளை!" என்றார் மாமா.

சொன்னவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு உள்ளே எழுந்து போய்விட்டார். அவர் எந்த ஊரைச் சொன்னார் என்பது நமக்கு உடனே விளங்கிற்று. அந்த ஊரின் பெயரை நம் வீட்டில் யாரும் சொல்லுகிற வழக்கமில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

நிற்க. மாசி மாதத்தில் ஆத்தூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் விடியற்காலை நாலரைக்கு. விடியற்காலை முகூர்த்தம் வைக்கிறவர்களுக்கு எதிராக ஒரு சட்டம் வர வேண்டும் என்பது நம் நெடுநாளைய அபிப்பிராயம். ஆயினும் போகாமல் இருக்க முடியுமா? முதல் நாள் இரவே பஸ் ஏறி, கெங்கவல்லி வழியாக ஆத்தூர் போய்ச் சேர்ந்தோம். நம் தர்மபத்தினி, "அம்மாவைத் தனியே விட்டு நான் வரவில்லை" என்று நின்றுவிட்டாள். ஆகையால் கல்யாணத்துக்குப் போனது நாமும் மாமாவும் மட்டுந்தான். தாலி கட்டியாயிற்று, அட்சதை போட்டாயிற்று, பொங்கலும் கேசரியும் சாப்பிட்டாயிற்று. வாசலில் ஆளுக்கொரு தாம்பூலப் பையைக் கையில் திணித்தார்கள். மணியைப் பார்த்தால் ஆறரைகூட ஆகவில்லை!

"இந்நேரத்துக்கு ஊருக்குப் போய் என்ன செய்யப் போகிறோம்? ஸ்டேஷன் வரையில் நடந்துவிட்டு வரலாமே?" என்றார் மாமா.

தம்மம்பட்டிக்கு ரயில் கிடையாது. சுவேத நதி உண்டு. அதுவும் வருஷத்தில் பெரும் பகுதி மணல்தான். ஒரு பக்கம் கொல்லிமலையும் மறு பக்கம் பச்சைமலையும் உண்டு. ரயில் பார்க்க வேண்டுமானால் சுமார் 30 கிலோ மீட்டர் பிரயாணம் செய்து ஆத்தூருக்குத்தான் வர வேண்டும். ஆகவே எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு, எத்தனை வயதானாலும், ரயில் ஸ்டேஷன் என்பது வேடிக்கை பார்க்கத் தகுந்த இடமாகவே இருந்து வருகிறது. மாமா ஆசைப்பட்டதில் நாம் ஆச்சரியம் ஒன்றையும் காணவில்லை.

ஸ்டேஷனில் விருத்தாசலம் பாசஞ்சரை எதிர்பார்த்துச் சிலர் நின்றார்கள். டிக்கட் கொடுக்கும் ஜன்னலில் கூட்டமில்லை. மாமா நேராக அங்கே போனார். வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போகிறார் என்று நினைத்தோம்.

"இரண்டு டிக்கட். பாண்டிச்சேரி" என்றார்.

நாற்பது வருஷம் வகுப்பில் ஆஜர் கூப்பிட்ட குரல் அது. ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது அந்தக் குரல் சற்றே கம்மியதை நாம் கவனித்தோம். ஜன்னலுக்குள்ளிருந்தவருக்கு இதிலெல்லாம் அக்கறை ஏது? சீட்டை அடித்துக் கொடுத்துவிட்டார். மாமா சில்லறையை எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "உன் மருமான் மாத்திரந்தான் போவானா?" என்று மட்டும் சொன்னார்.

ரயில் பிரயாணம் என்றால் இரண்டு மாதம் முன்பே டிக்கட் எடுத்து, புளியோதரை கட்டி, போர்வை மடித்து, வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புகிற குடும்பம் நம்முடையது. அப்படியிருக்க, பட்டு அங்கவஸ்திரமும் தாம்பூலப் பையுமாக, மாற்று வேஷ்டிகூட இல்லாமல் வண்டி ஏறினோம். பையில் ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு பாக்குப் பொட்டலம். இதுவே ஐரோப்பிய யாத்திரைக்கு எங்கள் மூட்டை முடிச்சு.

வண்டி தலைவாசல் தாண்டியது. இரு புறமும் மரவள்ளிச் செடி, மக்காச்சோளம், நடுநடுவே ஜவ்வரிசி ஆலைகளின் வெள்ளை வெளேரென்ற காயப்போடும் களங்கள். சின்னசேலம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். மாமா ஜன்னலை விட்டுத் தலையைத் திருப்பவே இல்லை. அவர் பேசமாட்டார் என்பது தெரிந்த பிறகு, நாம் வாசகர்களுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிடலாம்.

நம் தாத்தா, அதாவது மாமாவின் தகப்பனார், வாலிப வயதில் காங்கிரஸ் தொண்டர். 1932-ஆம் வருஷம் ஜனவரியில் மகாத்மா காந்தியைக் கைது செய்தார்களல்லவா? லண்டனில் வட்ட மேஜை மகாநாட்டுக்குப் போய்த் திரும்பிய ஒரு வாரத்துக்குள் அது நடந்தது. காங்கிரஸ் ஸ்தாபனமே சட்ட விரோதமானது என்று சர்க்கார் அறிவித்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கள்ளுக்கடை மறியல் செய்த நாலு வாலிபர்களைப் போலீஸார் தேடினார்கள். மூன்று பேர் அகப்பட்டார்கள்; சிறை சென்றார்கள். நாலாவது ஆள் நம் தாத்தா. அவர் இரவோடு இரவாக ஊரைவிட்டுக் கிளம்பி, நடந்தும் வண்டி ஏறியும் ரயில் ஏறியும் பிரெஞ்சுக்காரர்களுடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே ஒரு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டு எட்டு மாதம் இருந்தார்.

அந்த எட்டு மாதத்தில் வீட்டில் அவருடைய முதல் குழந்தை, ஒன்றரை வயதுப் பெண், ஜுரம் கண்டு இறந்து போயிற்று. கடிதம் எழுதினால் போலீஸார் கையில் அகப்படும் என்று யாரும் எழுதவில்லை. பருத்தி வியாபாரி ஒருவர் போய் நேரில் சொன்ன பிறகே அவருக்குத் தெரியும். அதற்குள் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அவர் திரும்பி வந்தபோது போலீஸார் அவரை மறந்தே போயிருந்தார்கள். பாட்டி மறக்கவில்லை. அன்று முதல் அந்த ஊரின் பெயர் நம் வீட்டில் எழவில்லை. மாமாவும் நம் அன்னையும் அதற்கு வெகு வருஷங்கள் கழித்துப் பிறந்தவர்கள். இருந்தாலும் அந்த மௌனத்தையும் வீட்டுப் பாத்திரம் பண்டங்களைப் போலவே சுவீகரித்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

ஊரில் தாத்தாவுக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு: "கடல் பார்க்கப் போனவர்." நேரில் யாரும் சொன்னதில்லை. ஆனால் சொல்லாத நாளுமில்லை. 1937 அக்டோபரில் ராஜாஜியின் மந்திரி சபை மது விலக்கை முதல் முதலில் நம் சேலம் ஜில்லாவில்தான் அமுலுக்குக் கொண்டு வந்தது. அன்றைக்குச் சிறை சென்ற மூவருக்கும் ஊரில் மாலை போட்டார்கள். 1972-இல், சுதந்திரத்தின் வெள்ளி விழாவில், தியாகிகளுக்குத் தாமிரப் பத்திரம் வழங்கினார்கள். உபகாரச் சம்பளமும் ஏற்பட்டது. எங்கள் பக்கத்துத் தியாகிகளுக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தபோது, தாத்தா கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவுக்குத் தலை நிமிரவில்லை. சிறைக்குப் பயந்தவரா தம் தகப்பனார்? இந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்துக் கேட்பதற்கு ஆளும் இல்லாமல் போயிற்று.

விருத்தாசலத்தில் இறங்கினோம். அங்கே நம் தர்மபத்தினியைக் கைபேசியில் கூப்பிட்டு, "ஓர் அவசர வேலை, வர நேரமாகும்" என்றோம். "மாமாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டாள். "உடம்புக்கு ஒன்றுமில்லை" என்றோம். அது உண்மைதானே? பிறகு ஒரு வண்டி, விழுப்புரம், மறுபடியும் காத்திருத்தல், மறுபடியும் ஒரு வண்டி. நம் மருமானுக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்த அயல் நாட்டுத் தலைநகரம் நமக்கு மூன்று வண்டி மாறியும் இன்னும் கிடைத்தபாடில்லை.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிளைப் பாதை சிறியதுதான். 38 கிலோ மீட்டர். ஆனால் அதற்குள் எவ்வளவு சரித்திரம்! 1879-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பாதை இது. புறப்படும் ஊர் பிரிட்டிஷ்காரனுடையது. போய்ச் சேரும் ஊர் பிரெஞ்சுக்காரனுடையது. போகும் வழியும் ஒழுங்காக ஒருவனுக்குச் சொந்தமாயிருக்கவில்லை. ஒரு கிராமம் இவனுடையது, அடுத்த கிராமம் அவனுடையது, அதற்கடுத்தது மறுபடியும் இவனுடையது. வயல் ஒரு ராஜ்யத்திலும் வாய்க்கால் வேறொரு ராஜ்யத்திலும் இருந்தன என்று வேடிக்கையாகச் சொல்வதற்கு இடமுண்டு. அந்நாளில் சுங்கச் சேவகர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். இப்பொழுது வளவனூர் வந்ததும் தெரியவில்லை, சின்னபாபுசமுத்திரம் போனதும் தெரியவில்லை. எதிர் ஆசனத்தில் ஓர் அம்மாள் முருங்கைக்காய்க் கட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிக் கொண்டிருந்தாள். எல்லையைக் கடந்ததற்கு இதைக் காட்டிலும் நிம்மதியான அத்தாட்சி வேண்டியதில்லை.

வில்லியனூர் ஸ்டேஷன் வந்தபோது மாமா முதல் தடவையாகப் பேசினார். "இந்தப் பக்கத்தில்தானே கீழூர்?" என்றார்.

ஆமாம். 1954 அக்டோபர் 18-ஆம் தேதியன்று அந்தச் சிறு கிராமத்தில்தான் பிரெஞ்சிந்தியாவின் தலைவிதி வோட்டுக்கு விடப்பட்டது. ஜனப் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்ற எட்டுப் பேரையும் யாரும் கடலில் பிடித்துத் தள்ளவில்லை என்பதை இங்கே பெருமையுடன் சொல்லிக்கொள்ள வேண்டும். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கை மாறிற்று. உடன்படிக்கையில் 1956 மே மாதம் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சுப் பார்லிமெண்டு அதை அங்கீகரித்துச் சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி. முந்நூறு வருஷ விவகாரத்தை ஒரு பெரும் யுத்தமின்றிப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். டான்யூப் கரைவாசிகளுக்கு முள்வேலியை அறுக்க அதற்குப் பிறகும் இருபத்தேழு வருஷம் பிடித்தது!

புதுச்சேரி ஸ்டேஷனில் இறங்கும்போது மணி இரண்டாகிவிட்டது. வாசலுக்கு வந்தால் சுப்பையா சாலை. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் பெயர் அது. பிரெஞ்சுக் கொடி பறந்த இடமெல்லாம் சொர்க்க லோகமென்று நினைத்துவிடக் கூடாதென்பதை அந்தப் பெயரே நினைவூட்டுகிறது. 1936 ஜூலை 30-ஆம் தேதி, வேலை நிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்களைச் சுட்டார்கள். பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அயலாரிடம் தஞ்சம் புகுந்தவர்களுக்குக் கிடைத்த சுதந்திரம், அந்த ஊரிலேயே பிறந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

முதலில் வயிற்றுக்கு வழி தேடினோம். பிரெஞ்சு போஜனம் கிடைக்கும் என்று பலகைகள் அழைத்தன. மாமா ஒவ்வொரு பலகையையும் எழுத்துக் கூட்டி வாசித்து, அதன் எதிரில் எழுதியிருந்த விலையையும் வாசித்துவிட்டு, "பூண்டு ரசம் நம் வீட்டிலேயே கிடைக்கும்" என்றார். ஆகையால் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இலை போட்டுச் சாப்பிட்டோம். ரசம் நன்றாகவே இருந்தது.

வெயில் தாழ்வதற்காக ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவுக்குப் போனோம். பாரதியார் குடியிருந்த வீடு அங்கே நினைவிடமாக இருக்கிறது. 1908-ஆம் வருஷத்தில் சென்னையில் "இந்தியா" பத்திரிகையின் மேல் சர்க்காருடைய கண் விழுந்தபோது, சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசனைச் சிறையில் அடைத்தார்கள். பாரதியார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பத்திரிகையும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. பத்து வருஷம் இங்கே இருந்தார். அரவிந்தர் 1910-இல் வந்தார், வ. வே. சு. ஐயரும் அதே வருஷத்தில் வந்தார். இவர்களை வேவு பார்க்கப் பிரிட்டிஷ் சர்க்காருடைய ஒற்றர்களும் வந்து குடியேறினார்கள். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் இந்த வாசத்தில் பிறந்தவைதான். 1918 நவம்பரில், இனிப் பொறுக்க முடியாதென்று பாரதியார் எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகில் கைது செய்தார்கள்.

மாமா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார். பிறகு முற்றத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"சிறைக்குப் போனாரே அந்தச் சீனிவாசன், அவருக்கு எங்கேயாவது இப்படி ஒரு வீடு இருக்கிறதா, மாப்பிள்ளை?"

நமக்குத் தெரிந்து இல்லை என்றோம்.

"போனவரை மறந்து போனார்கள். போகாதவரைக் கும்பிடுகிறோம். நம்மூரில் நேர்மாறாக நடந்தது."

"பாரதியார் பாட்டுப் பாடினார், மாமா. தாத்தா மண்டிக் கணக்கு எழுதினார்" என்று நாம் சொல்லிவிட்டோம். வாயைவிட்டு வந்த பிறகே சொல்லியிருக்க வேண்டாமென்று தோன்றிற்று. ஆனால் மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "அது சரிதான். கணக்குக்கு யார் வீடு கட்டுவார்கள்?" என்று சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்பொழுதுதான்.

தாத்தா கணக்கெழுதிய மண்டி எந்தத் தெருவில் இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அந்த மண்டிக்காரர் பெயரும் தெரியாது. தேடிப் பார்க்கலாமா என்றதற்கு மாமா வேண்டாமென்று தலையசைத்துவிட்டார். மணக்குள விநாயகர் கோயில் வழியாகப் போகும்போது, "இந்தத் தேங்காயை இங்கே உடைத்துவிடலாமே? எத்தனை தூரம் சுமப்பது?" என்று யோசனை சொன்னோம். அதுவும் வேண்டாமென்றார்.

நகரத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே அந்நாளில் வெள்ளைக்காரர்கள், மேற்கே தமிழர்கள். கிழக்குப் பகுதியின் வீதிகள் கோடு போட்டது போல் நேராயிருக்கின்றன. மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, சுவரின் மேலே காகிதப்பூ. தெருப் பெயர்ப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்து இருக்கின்றன. வெளியூர் வாலிபர்களும் யுவதிகளும் ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். கதவுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. நாமும் ஒரு கதவின் முன்னால் மாமாவை நிறுத்திப் படம் எடுத்தோம். கல்யாணப் பட்டு அங்கவஸ்திரத்தில் அவர் பிரெஞ்சிந்தியக் கவர்னருக்கு மனுக் கொடுக்க வந்த கிராமணியைப் போல் இருக்கிறார்.

வீதி முடிந்தது. கடல் வந்தது.

தம்மம்பட்டிக்காரர்களுக்குக் கடல் என்றால் என்னவென்று கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. எங்கள் சுவேத நதி வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகில் கடலில் விழுகிறது என்று மாமா எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனால் கடலை அவர் அதுவரையில் பார்த்ததில்லை! சென்னைக்கு இரண்டு முறை போயும் மெரினாவுக்குப் போகவில்லை. "கடல் பார்க்கப் போனவர் மகன்" என்ற பெயர் வேண்டாமென்றுதான் போகவில்லை என்று அன்றைக்குத்தான் நமக்குச் சொன்னார்.

கடற்கரைச் சாலையில் காந்திஜி நிற்கிறார். சுற்றிலும் உயரமான கருங்கல் தூண்கள். அவருக்கு எதிர்ப் பக்கத்தில், முதல் மகா யுத்தத்தில் பிரான்சுக்காக உயிர் விட்ட இந்நாட்டு வீரர்களுக்காக 1938-இல் எழுப்பிய ஞாபகச் சின்னம். சற்று வடக்கே 1836-ஆம் வருஷத்துப் பழைய கலங்கரை விளக்கம். தெற்குக் கோடியில் டூப்ளே துரையின் சிலை. இந்தியாவையே பிடித்துவிடலாமென்று கனவு கண்டவர். இவர்கள் எல்லோரும் ஒரே சாலையில் கூடி நிற்பதை மாமா சாவகாசமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கல் ஆசனம் ஒன்றில் உட்கார்ந்தோம். பாறைகளின் மேல் அலை வந்து மோதிக்கொண்டிருந்தது. பட்டாணி சுண்டல் வாங்கினோம்.

சுண்டல் தீர்ந்த பிறகு மாமா சொன்னார்:

"அப்பா இந்த ஊரைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார். அந்தப் பாராட்டுக் கூட்டத்திலிருந்து நடந்து வருகிறபோது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். 'அங்கே சாயங்காலத்தில் எல்லாரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவேன்' என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏதோ பிதற்றுகிறார் என்று நினைத்தேன். ஒற்றர்களுக்குப் பயந்து ஊர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்."

இதைச் சொல்லிவிட்டு மாமா மெள்ள எழுந்தார். ஆசனத்தின் மறு பக்கம் வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்குப் பார்த்து உட்கார்ந்தார். நாமும் அப்படியே உட்கார்ந்தோம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எதிரில் மஞ்சள் கட்டடங்கள். அவற்றின் மேலே சாயங்காலச் சூரியன். கண் கூசிற்று. மாமா கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"ஒரு மலைகூடத் தெரியவில்லையே, மாப்பிள்ளை" என்றார்.

எங்கள் ஊரில் எந்த வாசலில் நின்றாலும் மலை தெரியும். அதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வந்தவர் எட்டு மாதம் ஒவ்வொரு சாயங்காலமும் இங்கே உட்கார்ந்து எதைப் பார்க்க முயன்றார் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. அவர் பயந்தவரா, பயப்படாதவரா என்ற கேள்விக்கு எங்களுக்கு விடை கிடைத்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். பயந்துதான் வந்திருப்பார். இருபத்து நாலு வயதில் யாருக்குத்தான் பயமிராது? மாமா அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைசி வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

திரும்பிய கதையை விஸ்தாரமாகச் சொல்லி வாசகர்களின் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் நள்ளிரவுக்கு மேல் வரும் சேலம் வண்டிக்காகக் காத்திருந்த கதை மட்டும் தனிப் புராணமாக எழுதத் தக்கது. கொசுக்களுக்கும் நமக்கும் நடந்த யுத்தத்தில் கொசுக்களே ஜெயித்தன. மாமா சிமெண்டு ஆசனத்தில் தாம்பூலப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, தேங்காய் உறுத்துவதைப் பொருட்படுத்தாமல், குழந்தையைப் போல் தூங்கினார். அந்த ஒரு வேளை தூக்கத்துக்காகவாவது இந்தப் பிரயாணம் தகும் என்று நினைத்துக்கொண்டு நாம் சாமான்களைக் காவல் காத்தோம். சாமான்கள் என்பது இன்னொரு தாம்பூலப் பை.

விடியுமுன் ஆத்தூர், முதல் பஸ், கெங்கவல்லி, தம்மம்பட்டி. நாங்கள் இறங்கியபோது கொல்லிமலையின் மேல் அப்பொழுதுதான் வெயில் விழுந்து கொண்டிருந்தது. அரை நாள் ஐரோப்பாவுக்கு மொத்தம் ஒன்றேகால் நாள் செலவாயிற்று.

வாசலில் நம் அன்னை உட்கார்ந்திருந்தார். நம் தர்மபத்தினி கதவருகில் நின்றாள். இருவர் முகத்திலும் கேள்வி இருந்தது. ஆனால் கேட்க வேண்டியவர் அன்னைதான் என்று இவள் பேசாமல் நின்றாள்.

"எங்கே அண்ணா போயிருந்தீர்கள்? ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை" என்றார் அன்னை.

மாமா செருப்பைக் கழற்றினார். பையிலிருந்து தேங்காயை எடுத்துத் தம் தங்கையின் கையில் கொடுத்தார்.

"பாண்டிச்சேரிக்கு" என்றார்.

அன்னை சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. தேங்காயைக் காதருகில் வைத்து, தண்ணீர் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். உளிச் சத்தம் எதிர் வீதியில் ஆரம்பமாகிவிட்டது.

"கடல் எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

மாமா திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். "முதலில் ஸ்டேஷனிலிருந்து சொல்கிறேன், கேள்" என்று ஆரம்பித்தார். நாம் காப்பிக்குச் சொல்ல உள்ளே போனோம்.